ராணி அத்தையின் கழுத்து

சித்திரை வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்த என் செல்ல ராணி அத்தைக்கு,

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் கொட்டித் தீர்க்க ஒரு வண்டி வயிற்றெரிச்சலும் இருக்கிறது. வயிற்றெரிச்சலை முதலில் கேட்டுவிடு. உயிரோடு இருந்தபோது நான் புலம்பினால் பாதியில் தூங்கிப் போவாய். இப்போது முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் அதே திண்டிவனத்தில்தான் இருக்கிறேன். அதே மாவுக் கடை, அதே இரண்டு கிரைண்டர், அதே இடுப்பு வலி. உன் அருமை மருமகன், அதான் என் அண்ணன் ஏழுமலை, நம் ஊர் காணையில் உரக்கடையை நடத்திக்கொண்டு இன்னும் ஊருக்குப் பெரிய மனுஷனாகத்தான் இருக்கிறான். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கசங்குவதே இல்லை. கசங்குகிற மாதிரி அவன் என்றைக்கு வேலை செய்தான்?

உன் காரியத்துக்கு அவன் வைத்த பேனரை நீ பார்த்திருக்க வேண்டும் அத்தை. கடைத்தெருவில் தொடங்கி நம் வீட்டு வாசல் வரைக்கும் நீதான். "எங்கள் குலவிளக்கே, பாசத்தின் பெட்டகமே" என்று கொட்டை எழுத்து. உயிரோடு இருந்தபோது உனக்கு அவன் வைத்த பேர் தூங்குமூஞ்சி. "ஏ சாந்தி, தூங்குமூஞ்சிக்கு சோறு வச்சிட்டியா?" என்று அண்ணியிடம் கேட்பான், அதுவும் உன் காதில் விழுகிற மாதிரி. அப்போதெல்லாம் அந்தக் குலவிளக்குக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட அவனுக்குத் துப்பில்லை. தரையில் பாய்தான்.

படத்திறப்பு அன்று துணியை விலக்கினார்கள். எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. முகம் உன்னுடையதுதான், கழுத்து உன்னுடையது இல்லை. எலுமிச்சம்பழம் போலத் தொடங்கிக் கடைசியில் மாங்காய் அளவுக்கு வந்து நின்றதே அந்தக் கழலை, அதை ஸ்டுடியோக்காரனிடம் சொல்லி வழித்து எடுத்திருந்தான். அந்த இடத்தில் வழவழவென்று யாரோ ஒருத்தியின் கழுத்து. அதில் நீ போட்டே பார்க்காத ஒரு அட்டிகை வேறு.

"இன்னாண்ணா இது? அத்தை கழுத்து எங்க?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசு. சம்பந்தி வூட்டுக்காரங்க வந்துக்கினு இருக்காங்க. போனவங்க லட்சணமா இருந்துட்டுப் போவட்டுமே, உனக்கு இன்னா?"

அவன் மகள் நித்யாவுக்கு அப்போதுதான் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி கண்ணில் உன் கழுத்து படக்கூடாதாம். செத்தவள் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்துவார்களாம். மைக்கைப் பிடித்த ஒரு பிரமுகர் உன்னைத் தியாகச் செம்மல் என்றார், உன் பெயரைக் கடைசிவரை ராஜம்மாள் என்றே சொன்னார். ஒருத்தரும் திருத்தவில்லை. அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், போட்டோக்காரன் பக்கம் திரும்பி.

இந்தக் கடிதத்தை யாராவது எட்டிப் பார்த்துப் படிப்பார்கள். அவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. நீ என் அப்பாவின் தங்கை. உன்னைச் செஞ்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். போன இடத்தில் இரண்டு தடவை வயிற்றில் தங்கியது, இரண்டு தடவையும் கலைந்து போனது. அப்புறம் உடம்பு ஊதியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் கட்டிக்கொண்டு ஆம்பளைக் குரல் மாதிரி ஆனது. நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் படுக்கத் தோன்றும் உனக்கு. கழுத்தும் வீங்கத் தொடங்கியதும், "வியாதிக்காரிய எங்க தலையில கட்டிட்டாங்க" என்று மாமியார் வீட்டில் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "நம்ம வூட்டுல இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தா. எல்லாம் செஞ்சி தண்ணி" என்று எங்கப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். செஞ்சிக்காரர்கள் காணை ரத்தம் என்றார்கள், காணைக்காரர்கள் செஞ்சித் தண்ணி என்றார்கள். அந்த ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று இரண்டு பக்கத்திலும் ஒருத்தர் வாயிலிருந்து வரவில்லை. கழுத்தில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். கழலை பெருத்ததும் கயிறு இறுகியது. உடனே அறுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நீளமாக ஒரு கயிறு கட்டினார்கள். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் இவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் பேசுகிறார்கள்.

நீயாவது ஒரு நாள் கத்தியிருக்கக் கூடாதா அத்தை? "எனக்கு முடியலடா பாவிங்களா" என்று ஒரு தட்டையாவது தூக்கி எறிந்திருக்கலாம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாய். அதையும் சோம்பேறித்தனத்தின் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று ஆன பிறகு நான்தான் உன்னை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனேன். அந்தச் சின்ன வயசு லேடி டாக்டரை நினைவிருக்கிறதா? உனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சில் முழுங்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு. சுரப்பி வேலை செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டதாம். அதற்கு மருந்து, பயறு அளவு ஒரு மாத்திரை, தினம் காலையில் வெறும் வயிற்றில். அவ்வளவுதான். அந்தப் பயறு அளவு மாத்திரை இல்லாமல் நீ உன் ஆயுசில் பாதியைப் பாயில் கழித்திருக்கிறாய்.

மாத்திரை போடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் எழுந்து நடமாடினாய். ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டே, "இன்னாடி இது, பகலு இவ்ளோ நீளமா கீது" என்று என்னைக் கேட்டாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அதற்குள் உன் இதயம் ரொம்பக் கெட்டுப் போயிருந்தது.

அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவில்லை. "இது குடும்பத்துல ஓடும்மா. இவங்க கூடப் பொறந்தவங்க பிள்ளைங்க எல்லாரும் ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பார்த்துக்கணும், முக்கியமா பொம்பளப் பிள்ளைங்க. எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா மத்தவங்களவிட உங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. கல்யாண வயசுல பொண்ணு இருந்தா மறக்காம பாருங்க."

நான் அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அண்ணன் சிரித்தான். "பொம்பளைங்க வியாதி பொம்பளைங்க வழியாதான் வரும். அத்தைக்கு இன்னா, புள்ளையா குட்டியா? அதோட முடிஞ்சுது. நான் ஆம்பள. என் வழியா என் பொண்ணுக்கு எப்படிடி வரும்?"

விதை நெல் விற்கிறவன் பேசுகிற பேச்சா இது? எந்த ரகத்தை விதைத்தால் எது முளைக்கும் என்று காணை சுற்றுவட்டாரத்துக்கே பாடம் நடத்துவான். சொந்த வீட்டு விதை என்றால் மட்டும் கண் தெரியாது. நான் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு இருந்தது. எங்கப்பா வழியாக, உன் ரத்தம். அதையும் சொன்னேன். "நீ நாள் முழுக்க கிரைண்டர் பக்கத்துலயே நிக்கிற. அந்த சூடு" என்றான்.

சரி, இவன் அறிவு இவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். அண்ணி இவனைவிடக் கெட்டிக்காரி என்று எனக்கு அப்போது தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னாலேயே நித்யாவுக்கு முடி கொட்டியிருக்கிறது, எந்நேரமும் அசதி, மாதவிடாயும் ஒழுங்கில்லை. அண்ணிக்கு உன் ஞாபகம் வந்திருக்கிறது. விழுப்புரத்தில் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ரகசியமாக ரத்தம் பார்த்திருக்கிறாள். அதேதான். மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இதுவரைக்கும் நல்ல வேலை என்று நான் ஒப்புக்கொள்வேன். அதற்கப்புறம்தான் அந்த அம்மாள் தன் மூளையைப் பயன்படுத்தினாள்.

எனக்கு இது தெரிய வந்த கதையைக் கேள். நித்யாவை வாழக் கொடுத்த வீடு என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அண்ணி திருஷ்டி என்றாள், பூசணிக்காய் உடைத்தாள். மறுபடி தங்கியது. ஒரு நாள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்த நித்யா, பையிலிருந்து இரும்புச் சத்து மாத்திரையை எடுத்தாள். கூடவே கால்சியம் என்று எழுதிய ஒரு டப்பாவைத் திறந்து, அதிலிருந்தும் ஒன்றை எடுத்தாள்.

"இன்னாடி அது?"

"கால்சியம் அத்த."

கால்சியம் மாத்திரையை நான் பார்த்ததில்லையா? தோலோடு இருக்கிற மல்லாட்டை மாதிரி இருக்கும், தொண்டையில் மாட்டும். இது என் மாத்திரை. நீ போட்ட மாத்திரை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் அழுதுவிட்டாள்.

"அம்மாதான் டப்பா மாத்திக் குடுத்தாங்க அத்த. வெறும் வயித்துல போட்டா எதுக்கு ஏதுன்னு கேப்பாங்க, சத்து மாத்திரையோட சத்து மாத்திரையா சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கன்னாங்க. காலைல எழுந்ததும் நான்தான் காப்பி போடணும். மாமியார் பக்கத்துல உக்காந்து குடிக்கச் சொல்லுவாங்க. வேணாம்னு எப்படி சொல்றது?"

"மொதல் கொழந்த உண்டானப்பவும் இப்படித்தான் போட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

என் டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொன்ன விஷயம் இது அத்தை. இந்த மாத்திரையை இரும்புச் சத்தோடும் கால்சியத்தோடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. நேரம் விட்டுத்தான் அதையெல்லாம் போட வேண்டும், காப்பிகூட அரை மணி நேரம் கழித்துத்தான். என் அண்ணி சம்பந்திக்குத் தெரியாமல் மறைக்கப் போய், உடம்புக்கே தெரியாமல் மறைத்துவிட்டாள். தாய்மார்கள் எத்தனையோ பேர் பெண்ணுக்குச் சீர் கொடுப்பார்கள், பலகாரம் கொடுப்பார்கள். இவள் பொய் டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

மறுநாளே கடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுக் காணைக்கு பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டை ஒட்டிய உரக்கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

"நித்யாவ உண்மையச் சொல்லச் சொல்லுண்ணா. மாமியாருக்குத் தெரியட்டும், காலைல ஒழுங்கா மாத்திரை போடட்டும். இந்தப் புள்ளையாவது தங்கணுமா வேணாமா?"

"உனக்கு இன்னா தெரியும்? கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு தெரிஞ்சா நாலு பேர இட்டுக்கினு வந்து வூட்டாண்ட நிப்பாங்க. கொழந்த பொறக்கட்டும். அப்புறம் புதுசா வந்த மாதிரி சொல்லிக்கலாம்."

"பொறக்கறதுக்குத்தாண்ணா அந்த மாத்திரையே வேணும்."

"பேஜாரு பண்ணாத விஜயா. எனக்கு ஊர்ல ஒரு மரியாத கீது. நீ வாயத் தொறந்தன்னா அப்புறம் இந்த வூட்டுப் படி ஏறாத."

மரியாதையாம். சொந்தப் பேரப்பிள்ளையின் உயிரைவிட எடை கூடின மரியாதை. அண்ணி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மோரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது குடித்திருக்கலாம் என்று தோன்றியது, அது வேறு விஷயம்.

நித்யா என்னிடம் கெஞ்சினாள். "நீ சொல்லாத அத்த. நீ சொன்னா எங்கப்பா உன்ன சும்மா வுட மாட்டாரு. நானே சொல்றேன்." எப்போது என்று கேட்டால், "இன்னிக்கு வேணாம் அத்த" என்பாள். அதுவரைக்கும் ஒரு வழி செய்தோம். விடிந்ததும் மாவு வாங்குகிற சாக்கில் கடைக்கு வருவாள். நான் தண்ணீர் கொடுப்பேன், முழுங்குவாள். கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்புவேன். திருட்டுச் சாராயம் விற்கிறவள் மாதிரி நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுவும் கொஞ்ச நாள்தான் ஓடியது. "மாசமா இருக்கற பொண்ணு பனியில அலைய வேணாம், ஃபிரிட்ஜ் நெறைய மாவு கெடக்குது" என்று அவள் மாமியார் மல்லிகா நிறுத்திவிட்டார். பாவம், அந்த அம்மா நல்லதை நினைத்துத்தான் சொன்னார். நித்யா மறுபடி சாப்பாட்டுக்கு அப்புறம் கால்சியம் டப்பாவைத் திறந்தாள்.

திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டுகிற நாள் வந்தது. காணையிலிருந்து அண்ணனும் அண்ணியும் காரில் வந்து இறங்கினார்கள், கையில் பழக்கூடையோடு, பெண் பார்க்க வந்த மாதிரி. நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். என்னைக் கண்டதும் அண்ணன் முகம் மிளகாய் கடித்த மாதிரி ஆனது. நித்யா, அவள் மாமியார் மல்லிகா அம்மா, நாங்கள் மூன்று பேர், எல்லோரும் ஒன்றாக உள்ளே நுழைந்தோம். "இத்தினி பேரு இன்னாத்துக்கு உள்ள?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள். யாரும் நகரவில்லை. யாரை யாரோடு தனியாக விடுவது என்று அங்கே எல்லோருக்கும் பயம்.

டாக்டர் அம்மா முதல் கர்ப்பம் கலைந்ததை விசாரித்தார். அப்புறம், "இவங்க பிறந்த வீட்டுல யாருக்காவது சுகர், பிரஷர், தைராய்டு இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணி முந்திக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு மட்டும் சுகர் டாக்டர். வேற ஒண்ணும் கெடையாது."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "தைராய்டெல்லாம் எங்க வம்சத்துலயே இல்ல மேடம். நாங்க கேப்பக் கூழு குடிச்சு வளந்தவங்க."

கேப்பைக் கூழ்! அவன் கடைசியாகக் கூழ் குடித்தது எந்தக் காலத்தில்? அத்தை, நீ எங்கே இருந்தாலும் அப்போது சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நித்யாவுக்குக் கொடுத்த வாக்காவது மண்ணாவது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இருக்குது டாக்டர். எங்கப்பாவோட அத்தை, ராணி ஆயான்னு பேரு. அவங்களுக்குக் கழுத்து இவ்ளோ பெருசா வீங்கி இருந்துச்சு. அவங்களுக்கும் ரெண்டு தடவ கலைஞ்சுது. தோ நிக்கறாங்களே எங்க அத்த, இவங்களுக்கும் இருக்குது. எனக்கும் இருக்குது. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குது." டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது கால்சியம் இல்ல டாக்டர்."

அந்த அறையில் உன் பெயரைச் சொன்னாள் அத்தை, உன் கழுத்தையும் கையால் காட்டினாள், இருந்தது இருந்தபடி.

டாக்டர் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். எப்படிப் போடுகிறாய், எதோடு சேர்த்துப் போடுகிறாய் என்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் குரல் ஏறியது. "மொதல் கர்ப்பம் இதனாலதான் கலைஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இந்த வியாதி சரியா கட்டுப்பாட்டுல இல்லன்னா கலையற வாய்ப்பு அதிகம். மாசமானதும் டோஸை ஏத்த வேண்டி வரும், அடிக்கடி ரத்தம் பார்க்கணும். அதுக்குத்தான் குடும்பத்துல யாருக்கு இருக்குன்னு கேக்கறோம். நீங்க வம்சப் பெருமை பேசிக்கிட்டு இருக்கீங்க." கடைசி வாக்கியத்தை அண்ணனைப் பார்த்தே சொன்னார். "நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் எடுங்க. ஆம்பளைங்களுக்கும் வரும்."

அண்ணன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனான்.

வெளியே வராந்தாவில் மல்லிகா அம்மா அவனை நிறுத்தினார். பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பம், குரல் தெருக்கோடி வரைக்கும் போகும்.

"ஏங்க, எங்க வூட்ட இன்னான்னு நெனச்சிங்க? ஒரு மாத்திரைக்காகப் பொண்ண திருப்பி அனுப்பறவங்கன்னா? என் பேரப்புள்ள போச்சேன்னு நான் ஏறாத கோயில் இல்ல. நான் சாமி முன்னாடி நின்னு அழுதுக்கினு இருந்திருக்கேன், நீங்க டப்பாவுக்குள்ள பூட்டி வச்சிக்கினு பூசணிக்கா உடைச்சிங்களா?"

"அப்படி இல்லீங்க சம்பந்தி. திண்டிவனத்துல தண்ணி கொஞ்சம் உப்பு. அதனாலகூட..."

சத்தியமாகச் சொன்னான் அத்தை. என் காதால் கேட்டேன். அப்பா செஞ்சித் தண்ணியோடு முடித்தார், இவன் திண்டிவனத்துக்கு வந்துவிட்டான்.

"தண்ணியா? வாயில நல்லா வந்துடும் எனக்கு. கெளம்புங்க மொதல்ல. பேச வேண்டியத வூட்டுக்கு வந்து பேசறேன்." அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். அவளையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பழக்கூடையோடு இரண்டு பேரும் கார் பக்கம் போனார்கள். கூடையைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடத் தோன்றவில்லை. நித்யா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டால் என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். மல்லிகா அம்மா மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் நித்யாவைப் பார்த்தார்.

"மாத்திர போட்டு எத்தினி நேரம் கழிச்சு காப்பி குடிக்கலாம்?"

"அரை மணி நேரம்... ஒரு மணி நேரம்னா நல்லது."

"இதச் சொல்றதுக்கா உனக்கு இத்தினி நாளாச்சு? காப்பிய நான் போட்டுக்கறேன். நீ மாத்திரைய முழுங்கிட்டு சும்மா படுத்துக் கெட."

சண்டைக்குத் தயாராகப் போன நான், அந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன் அத்தை. மல்லிகா அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஒரு காப்பி. அவ்வளவுதானா? இதற்காகவா ஒரு பெண் திருட்டுத்தனமாக மாவு வாங்க வந்தாள்? செஞ்சியில் உன் மாமியார் ஒரே ஒரு நாள் உன்னைப் பார்த்து இப்படிச் சொல்லியிருந்தால் நீ எப்படி இருந்திருப்பாய்? நம் வீட்டில் என் அப்பா சொல்லியிருந்தால்? படுத்துக் கிடக்கிறாள், படுத்துக் கிடக்கிறாள் என்று வாழ்நாளெல்லாம் உன்னைப் பேசினார்கள். படுத்துக் கெட என்று யாராவது உன்னிடம் ஆசையாகச் சொன்னார்களா?

சேதி சொல்கிறேன் என்றேனே, இதோ. நித்யாவுக்கு இப்போது எட்டாம் மாதம். டோஸ் ஏற்றினார்கள், அடிக்கடி ரத்தம் பார்க்கிறார்கள், தைராய்டு அளவும் சரியாகி வந்திருக்கிறது. மல்லிகா அம்மா எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. வாரம் ஒரு தடவையாவது டப்பாக் கதையை எடுத்து என் அண்ணியைக் காய்ச்சுகிறார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க இனிக்கிறது. வளைகாப்புக்கு அண்ணன் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான், என்னிடம் பேசவில்லை. டெஸ்ட் எடுத்தானா என்று கேட்டேன், கை கழுவப் போய்விட்டான். அவன் முகமும் கொஞ்ச நாளாக ஊதித்தான் இருக்கிறது. பகலில் உரக்கடை நாற்காலியில் குறட்டை விடுகிறானாம். யாருக்கு யார் பேர் வைப்பது?

நேற்று நித்யா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. நல்லபடி பிறக்குமா, அதற்கும் இது வருமா, தெரியாது. வந்தே தீரும் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் என்ன செய்வது என்று மட்டும் நமக்குத் தெரியும். உனக்குத் தெரியாமல் போனது அது ஒன்றுதானே?

அதனால் ஒரு வாக்கு தருகிறேன், நீ தூங்கிவிட்டாலும் சரி. பிறக்கப் போவது ஆணோ பெண்ணோ, அதைத் தூக்கிக்கொண்டு எந்த டாக்டரிடம் போனாலும், உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டதும், நான் அண்ணனை முந்திக்கொள்வேன். எங்க அத்தைக்கு இருந்துச்சு, ராணின்னு பேரு, யாரும் பார்க்காம வுட்டுட்டோம், இந்தப் புள்ளைய நல்லா பாருங்க என்று சொல்வேன்.

உன் அண்ணன் மகள்,
உன் கழுத்தோடு பிறந்த
விஜயா